சிங்கம் டீச்சர் வீட்டுது

பிப்ரவரி 3, திங்கள்

விலங்குப் படஅட்டைப் பெட்டி ஒருவழியாக இன்று வந்து சேர்ந்தது. இருபத்து நான்கு அட்டைகள், மூன்று பிளாஸ்டிக் கூடைகள். சிவப்புக் கூடையில் வீட்டு விலங்கு, பச்சையில் காட்டு விலங்கு, நீலத்தில் தண்ணீரில் வாழ்வது. 'குழந்தைகள் தாமாகவே மகிழ்ச்சியுடன் வகைப்படுத்துவர்' என்று கையேட்டில் போட்டிருக்கிறது. எழுதியவர் எந்த ஊர்க் குழந்தைகளைப் பார்த்து எழுதினாரோ, அவர் நன்றாக இருக்கட்டும்.

பெட்டியோடு ஒரு சுற்றறிக்கையும் வந்தது. ஜூன் முப்பதாம் தேதி நிலவரப்படி பத்துக் குழந்தைகளுக்குக் குறைவாக இருக்கும் அங்கன்வாடிகளைப் பக்கத்து மையத்தோடு இணைத்துவிடுவார்களாம். என்னிடம் இருப்பது ஒன்பது. பக்கத்து மையம் மூன்று கிலோமீட்டர் தள்ளி, நடுவில் லாரி பறக்கும் திருச்சுழி ரோடு. நாலு வயதுப் பிள்ளை அங்கே நடந்து போகுமா? போகாது. வீட்டில் கிடக்கும், இல்லையென்றால் ஆட்டுக்குப் பின்னால் அலையும். மத்தியானச் சோறும் முட்டையும் போச்சு. சமைத்துப் போடும் சந்தனம்மாள் அக்காவுக்கு வேலை போச்சு. எனக்கு எங்கேயாவது மாற்றல்.

"ஒரே ஒரு புள்ளதான டீச்சரு கொறையுது," என்றார் அக்கா. சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் ஸ்டாக் ரிஜிஸ்டரை எடுத்து எழுதத் தொடங்கினேன். கூடை மூன்று, நல்ல நிலையில்.

பிப்ரவரி 4, செவ்வாய்

முதல் வகுப்பு. பாயில் ஒன்பது பேரையும் வட்டமாக உட்காரவைத்து, பசு அட்டையைத் தூக்கிக் காட்டி, "இது எங்கே இருக்கும்? வீட்டிலயா, காட்டிலயா?" என்று கேட்டேன்.

"அது அசோக் வீட்டுது," என்றாள் சுகப்பிரியா.

கோட்டைச்சாமி அண்ணனின் மகள். நாலு வயது முடிந்து இரண்டு மாதம். ஆடு மேய்க்கிறவர் மகள் என்பதால் விலங்கு விஷயத்தில் தனக்கு மேல் ஆளில்லை என்று நினைப்பு. சரி, அசோக் வீட்டுப் பசு, ஆகவே வீட்டு விலங்கு, சிவப்புக் கூடை என்று சமாளித்தேன். பூனையை எடுத்தேன். "அது சந்தனம்மாக்கா வீட்டுது." நாய்? "யாரு வீட்டுதும் இல்ல, பஸ் ஸ்டாப்புல கெடக்கும்." மயிலும் காட்டுப்பன்றியும்? ஒன்பது பேரும் ஒரே குரலில், "மல்லிக்காட்டுது!" அவர்கள் அப்பன்மார் மல்லிச் செடிக்குக் காவல் கிடப்பது அதுகளுக்காகத்தானே.

கடைசியில் சிங்கம். சுகப்பிரியா அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது டீச்சரு வீட்டுது. டீச்சருதான பெட்டியில வச்சுக் கொண்டாந்துச்சு." அதோடு முடிந்தது. ஒட்டகச்சிவிங்கி, முதலை, திமிங்கிலம், ஊரில் யாரும் கண்ணால் பார்க்காதது எல்லாம் என் வீட்டுது. என் வீட்டில் இருப்பதே இரண்டு அறை. திமிங்கிலத்தை எங்கே படுக்கவைப்பேன்?

ஆட்டு அட்டையை மட்டும் அவள் எந்தக் குவியலிலும் வைக்கவில்லை. தனியாக ஜன்னல் திண்டில் வைத்தாள். "அது சாமிது."

பிப்ரவரி 5, புதன்

அந்தச் 'சாமிது' யார் என்று எனக்குத் தெரியாதா என்ன. போன வருஷம் சுகப்பிரியாவுக்கு டெங்கு வந்து மதுரை ஆஸ்பத்திரியில் எட்டு நாள் கிடந்தாள். புள்ள பிழைத்து வந்தால் கருப்பசாமிக்குக் கிடா விடுகிறேன் என்று கோட்டைச்சாமி அண்ணன் நேர்ந்துகொண்டார். பிழைத்து வந்தாள். மந்தையிலேயே நல்ல செவலைக் கிடாவாகப் பார்த்து, காதில் அறுத்து அடையாளம் வைத்து, கழுத்தில் மஞ்சள் துணி கட்டி அவிழ்த்துவிட்டார். வருகிற ஆடியில் வெட்டு.

அதுவரைக்கும் அதை யாரும் கட்டக் கூடாது, விரட்டக் கூடாது, ஒரு அடி அடிக்கக் கூடாது. இது அதற்குத் தெரிந்துபோய்விட்டது. எந்த வீட்டு வாசலிலும் அதிகாரமாக நுழைகிறது. மையத்துத் தோட்டத்தில் நான் போட்ட அரைக்கீரையை இரண்டு முறை மொட்டை அடித்திருக்கிறது. நான் கும்பிட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டு விலங்கா அது? வீடு கிடையாது. காட்டு விலங்கா? காட்டுக்கே போவதில்லை. இன்றைக்கும் சிவப்புக் கூடையில்தான் போட்டேன். சுகப்பிரியா எடுத்துத் திரும்ப ஜன்னலில் வைத்தாள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

செவலைக் கிடா சிங்கத்தைத் தின்றுவிட்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. நான் எடை ரிஜிஸ்டரில் மூழ்கிக் கிடந்தேன். சத்தம் கேட்டுத் திரும்பினால், பச்சைக் கூடைக்குள் தலையைவிட்டு நிதானமாக மென்றுகொண்டிருக்கிறது. வாயோரத்தில் பிடரி மயிர் மட்டும் தொங்குகிறது. "அக்கா, விரட்டுங்கக்கா!" என்று கத்தினேன். சந்தனம்மாள் அக்கா ஓடிவந்து, ஈரக்கையைச் சேலையில் துடைத்து, கும்பிட்டு, "அய்யா, போதும்யா, கெளம்பிப் போங்கய்யா" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ஐயா புலியின் வாலையும் கொஞ்சம் ருசி பார்த்துவிட்டுத்தான் போனார்.

ஸ்டாக் ரிஜிஸ்டரில் சேதத்துக்கு மூன்று கட்டம் இருக்கிறது. கிழிந்தது, தொலைந்தது, எலி கடித்தது. ஆடு தின்றது என்று எழுத இடமில்லை. எழுதினால் நம்பப்போவதும் இல்லை. 'சிங்கம் - 1 - தொலைந்தது' என்று போட்டேன்.

தூங்கி எழுந்த பிள்ளைகளுக்குச் செய்தி தெரிந்ததும் ஒரே கொண்டாட்டம். அடுத்த அரைமணி நேரத்தில் புது வகை ஒன்று பிறந்துவிட்டது: சிங்கத்தைத் தின்கிற விலங்கு. அதில் ஒரே ஒரு ஆள்.

பிப்ரவரி 20, வியாழன்

பத்தாவது பிள்ளையைத் தேடி இன்று வீடு வீடாக ஏறி இறங்கினேன். மேலத்தெருக் கடைசி வீட்டில் மூணரை வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். அவன் அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டு, காபி கொடுத்து, அன்பாகத்தான் பேசினாள். "நாங்க அருப்புக்கோட்டையில இங்கிலீஷ் ஸ்கூல்லயே கேட்டுட்டோம் டீச்சரு. ஒங்க பாப்பா படிக்கிற ஸ்கூலுதான். நல்லாச் சொல்லிக் குடுக்குறாகளா?"

"நல்லாத்தான் சொல்லிக் குடுக்குறாங்க" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தேன்.

சரி. இந்த நோட்டிலாவது உண்மையை எழுதிவிடுகிறேன். என் மகள் ஜீவிதாவுக்கு நாலு வயது. தினமும் காலை எட்டே காலுக்கு, என் அங்கன்வாடி வாசலிலேயே வந்து நிற்கும் மஞ்சள் வேனில் ஏறி அருப்புக்கோட்டைக்குப் போகிறாள். நான் டாட்டா காட்டிவிட்டு உள்ளே திரும்பி, மற்றவர்கள் பிள்ளையை ஏன் இங்கே சேர்க்க வேண்டும் என்று பேசுவதற்கு ஆயத்தமாகிறேன். சந்தனம்மாள் அக்கா மூன்றாம் தேதி என் முகத்தைப் பார்த்தது இதற்குத்தான்.

பிப்ரவரி 21, வெள்ளி

ஜீவிதா வீட்டில் ஒப்பிக்கிறாள்: "லயன் இஸ் எ வைல்ட் அனிமல். கோட் இஸ் எ டொமஸ்டிக் அனிமல்." ஒரு தடுமாற்றம் இல்லை. கேட்க எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது, பொய் சொல்வானேன். சாயங்காலம் வாசலில் செவலைக் கிடா வந்து நின்றதும் அம்மா என்று அலறி என் இடுப்பில் ஏறிவிட்டாள். டொமஸ்டிக் அனிமல் என்பது அதுதான் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

பிப்ரவரி 26, புதன்

சிவராத்திரி. ஊரே குலசாமி கும்பிடப் போய்விட்டது. மையத்துக்கு வந்தது கிடா மட்டும்.

மார்ச் 4, செவ்வாய்

சூப்பர்வைசர் கோகிலாம்பாள் மேடம் பன்னிரண்டாம் தேதி ஆய்வுக்கு வருகிறார். 'வகைப்படுத்தும் திறன்' பார்ப்பாராம். அறிக்கை நன்றாக இருந்தால், எண்ணிக்கை ஒன்று குறைந்தாலும் மேலே பேசிப் பார்க்கலாம் என்று போனில் சொன்னார்.

இனி 'யாரு வீட்டுது' என்ற பேச்சே கூடாது. காலையில் பத்துத் தடவை, சாப்பாட்டுக்கு முன் பத்துத் தடவை ஒப்பிக்கவைக்கிறேன். பசு - சிவப்பு. புலி - பச்சை. மீன் - நீலம். தாமாகவே மகிழ்ச்சியுடன் வகைப்படுத்த வேண்டும் அல்லவா, அதற்குத்தான் இவ்வளவு அதட்டல்.

மார்ச் 11, செவ்வாய்

ஒன்பது பேரும் ஒரு தப்பில்லாமல் பிரிக்கிறார்கள். சுகப்பிரியா ஆட்டைச் சிவப்பில் போட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். அதைக் கண்டுகொள்ளவில்லை.

மார்ச் 12, புதன்

வந்தார். பார்த்தார். போனார்.

பிள்ளைகள் மடமடவென்று பிரித்துக் காட்டினார்கள். நான் நிமிர்ந்து நின்றேன். மேடம் கூடைகளைப் பார்த்துவிட்டு, "மனப்பாடம் பண்ண வச்சிருக்கியா தங்கச்செல்வி?" என்றார். "இப்ப அதெல்லாம் இல்லம்மா. புள்ளைங்க தானா யோசிக்கணும்." பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அட்டைகளைக் கொட்டிவிட்டு, "உங்களுக்குத் தோணுற மாதிரி பிரிங்க பாப்போம். யாரு செய்றீங்க?" என்று கேட்டார்.

யார் எழுந்திருப்பார்கள்? அவளேதான்.

சுகப்பிரியா சிவப்புக் கூடையை முன்னால் இழுத்தாள். "இது நடந்து வார புள்ளைக." அசோக்குக்குப் பசு, பாலமணிகண்டனுக்குக் கோழி, தனக்குக் கழுதை, ஒவ்வொருவர் பேருக்கும் ஒரு அட்டையாக ஒன்பது அட்டை போட்டாள். பிறகு பச்சைக் கூடை. "இது வேன்ல போற புள்ளைக." மேலத்தெருப் பிள்ளைகள் மூன்று பேருக்கு மூன்று அட்டை. கடைசியாக ஒட்டகச்சிவிங்கியைத் தேடி எடுத்தாள். "இது டீச்சரு பாப்பா."

அடுப்படியில் சந்தனம்மாள் அக்கா கரண்டிச் சத்தத்தை நிறுத்தியதுதான் கேட்டது.

"டீச்சருக்குப் பாப்பா இருக்கா?" என்று மேடம் என்னைத்தான் கேட்டார். "என்ன வயசு?"

"நாலு, மேடம்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "என் மகனும் அப்படி வேன்ல போய்த்தான் படிச்சான். நான் உன்னைக் கேக்க முடியாது" என்றார். "ஆனா ஒன்பதுங்கிறத நான் எந்த முகத்தோட மேல பேசுறது, சொல்லு. ஒன்பதுன்னே எழுதிட்டுப் போறேன்."

வகைப்படுத்தும் திறன்: மிக நன்று. அப்படித்தான் அறிக்கையில் போட்டிருக்கிறார்.

மார்ச் 13, வியாழன்

யாரு கேட்டா அவள? அத்தன அட்ட கெடக்கு, மீனு இருக்கு தவள இருக்கு, அதுகளப் பிரிச்சுட்டுப் போக வேண்டியதுதான? ஒட்டகச்சிவிங்கியாம்ல ஒட்டகச்சிவிங்கி. நாலு வயசுக்கு இந்த வாயி.

- ஆனால் தப்பாக என்ன சொன்னாள்? ஒரு தப்பும் இல்லை. அதுதான் எரிகிறது.

இன்று முட்டை உரிக்கும்போது அவள் பக்கம் திரும்பவே இல்லை. அவள் என் முந்தானையை இழுத்து, "டீச்சரு, எனக்கு முட்டையில மஞ்ச மட்டும் போதும்" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். வெள்ளையை நான் தின்றேன்.

ஏப்ரல் 9, புதன்

இவரிடம் பேச்சை எடுத்தேன். என் வீட்டுக்காரர் உதயகுமாருக்கு அருப்புக்கோட்டை மில்லில் வேலை. ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜீவிதாவை ஒரு வருஷம் நம்ம மையத்திலேயே வைத்துக்கொள்ளலாமா என்றேன்.

"நீதான சொன்ன? அங்க என்ன படிப்பு, சோத்தப் போட்டுத் தூங்க வைக்கிறதுதானன்னு?"

"நான் எப்பச் சொன்னேன்?"

"வேன்ல சேக்கும்போது. இந்த எடத்துல ஒக்காந்துதான் சொன்ன."

சொல்லியிருக்கிறேன். பத்து வருஷமாக நான் பார்க்கிற வேலையை நானே ஒரே வரியில் முடித்திருக்கிறேன். அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டு, "அன்னைக்கு ஒண்ணு சொல்ற, இன்னைக்கு ஒண்ணு சொல்ற, எனக்கு எதுக்கு வம்பு" என்று எழுந்து போய்விட்டார்.

மே 13, செவ்வாய்

கோடை விடுமுறை. ஜீவிதா காலையிலிருந்து சாயங்காலம் வரை சுகப்பிரியாவோடு வேப்பமரத்தடியில் கிடக்கிறாள். இன்று எட்டிப் பார்த்தேன். செவலைக் கிடா படுத்து அசை போட்டுக்கொண்டிருக்கிறது. சுகப்பிரியா ஜீவிதாவின் கையைப் பிடித்து அதன் முதுகில் வைத்து, "இந்தா தொடு. இது என்னையக் காப்பாத்துன ஆடு. கடிக்காது, சிங்கத்த மட்டுந்தேன் திங்கும்" என்கிறாள். என் மகள் கண்ணை இறுக மூடிக்கொண்டு தொட்டாள். அப்புறம் ஒரு கண்ணைத் திறந்தாள்.

வீட்டுக்கு வந்ததும், "அம்மா, நானும் நடந்து வார புள்ளையா இருக்கேன்" என்றாள். எனக்கு ஏன் அழுகை வந்தது என்று தெரியவில்லை. வந்தது.

மே 27, செவ்வாய்

இவர் சம்மதித்துவிட்டார். ஒரு வருஷம்தானாம். ஊருக்கு நல்லது செய்கிறேன் என்று யாரிடமும் பீற்றிக்கொள்ளக் கூடாதாம். பீற்ற மாட்டேன். ஜூன் முப்பதுக்கு எனக்கு ஒரு தலை வேண்டும், அது என் வீட்டுத் தலையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஜூன் 2, திங்கள்

பெயர்ப் பதிவேட்டில் பத்தாவதாக ஜீவிதாவை எழுதினேன். தாய் பெயர்: தங்கச்செல்வி. தாயின் தொழில்: அங்கன்வாடிப் பணியாளர். எழுதிவிட்டு நிமிர்ந்தேன்.

எட்டே காலுக்கு வேன் வந்து நின்றது. டிரைவர் இன்பராஜ் தம்பி தலையை நீட்டி, "என்ன டீச்சரு, பாப்பா வரலையா?" என்றான். "இனிமேல் இங்கதான் தம்பி" என்று வாய் நிறையச் சொன்னேன். அப்போதுதான் பார்த்தேன். ஜீவிதா வழக்கமாக உட்காரும் ஜன்னல் சீட்டில், எண்ணெய் வழியத் தலை சீவி, கழுத்தில் டை கட்டி ஒரு பிள்ளை. சுகப்பிரியா.

கைகூட ஆட்டினாள்.

ஒன்பது.

ஜூன் 3, செவ்வாய்

கோட்டைச்சாமி அண்ணனைக் கண்மாய்க் கரையில் போய்ப் பிடித்தேன். கோபமாகப் பேச வேண்டும் என்றுதான் போனேன்.

"என்னண்ணே, ஒரு வார்த்தை சொல்லாமப் புள்ளைய அங்க சேத்துட்டீக?"

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, மரியாதையாக நின்று பதில் சொன்னார். "ஒங்களப் பாத்துத்தான டீச்சரு சேத்தேன். படிச்சவுக, ஒங்களுக்குத் தெரியாததா? நீங்களே ஒங்க புள்ளைய அங்க விடுறீகன்னா அதுதான நல்ல ஸ்கூலு? போன வருசத்துல இருந்தே பாத்துக்கிட்டு இருந்தேன். இந்த வருசந்தான் முடிஞ்சுச்சு."

"நான் இப்ப எம் புள்ளைய இங்க சேத்துட்டேன்ணே."

"அப்படியா? ஏன், அங்க நல்லா இல்லையா?"

நல்லா இல்லை என்று ஒரு பொய் சொன்னால் போதும், நாளைக்கே பிள்ளை திரும்பிவிடும். வாய்வரைக்கும் வந்தது. வெள்ளாடுகள் கருவேலங்காயைக் கடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

ஜீவிதா ஒரு வாரமாக அழுகிறாள். சுகப்பிரியா இல்லையாம். நடந்து வருகிற பிள்ளையாக யாருக்காக ஆனாளோ, அந்த ஆளே இங்கே இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

என்ன நடந்தது என்று அப்படியே எழுதுகிறேன். பிறகு எனக்கே மாற்றிச் சொல்லத் தோன்றும்.

காலை எட்டே கால். வேன் வந்து நின்று, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பும் நேரம். செவலைக் கிடா நடுரோட்டில் வேனுக்கு முன்னால் படுத்துக்கொண்டது. ஹாரன் அடித்தான். அது காதைக்கூட ஆட்டவில்லை. சந்தனம்மாள் அக்கா உள்ளே சட்டி கழுவிக்கொண்டிருந்தார், இல்லையென்றால் வந்து கும்பிட்டிருப்பார். இன்பராஜ் இறங்கி, வேலியில் கிடந்த ஒரு குச்சியை எடுத்து, முதுகில் தட்டினான். தட்டினான் என்றுதான் சொல்ல வேண்டும். என் மகளைக்கூட நான் அதைவிடப் பலமாகத் தட்டியிருக்கிறேன். கழுத்தில் மஞ்சள் துணி எப்போதோ நைந்து விழுந்துவிட்டது, அறுத்த காது அந்தப் பக்கம் இருந்தது. அவன் கண்டானா?

வேனுக்குள்ளிருந்து சுகப்பிரியா கத்திய கத்தலில் ஊர் கூடிவிட்டது.

"சாமி கெடாய அடிச்சுப்புட்டான்யா!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்த கோட்டைச்சாமி அண்ணன், வந்த வேகத்தில் வேன் கதவைத் திறந்து மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் உடம்பு நடுங்கியது. கோபம் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். எனக்குத் தெரியும், பயம். எந்த உயிருக்கு ஈடாக அந்தக் கிடாவை விட்டாரோ, அந்த உயிர் அவர் தோளில்.

"எனக்குத் தெரியாதுண்ணே, துணியும் இல்ல ஒண்ணும் இல்ல. மெதுவாத்தான் தட்டுனேன்." இன்பராஜுக்கு முகம் வெளுத்துவிட்டது. சுற்றிலும் பார்த்து, வாசலில் நின்ற என்னைக் கண்டுபிடித்தான். "டீச்சரு பாத்துக்கிட்டுத்தான் இருந்தாக. டீச்சரு, நீங்க சொல்லுங்க டீச்சரு. மெதுவாத்தான தட்டுனேன்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் உள்ள இருந்தேன். பாக்கல," என்றேன்.

ஜூன் 18, புதன்

இன்பராஜ் நேற்றுச் சாயங்காலமே கருப்பசாமிக்குத் தேங்காய் உடைத்து, மாலை வாங்கிப் போட்டு, விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனானாம். ஊரும் விட்டுவிட்டது. வேன் இன்றைக்கு வந்தது. மேலத்தெருப் பிள்ளைகள் எல்லோரும் ஏறினார்கள்.

ஒன்பதே காலுக்கு சுகப்பிரியா நடந்து வந்தாள். கழுத்தில் டை இல்லை. "எங்கப்பா வேன்ல போக வேண்டாம்னுருச்சு" என்று சொல்லிவிட்டு நேராகப் போய் ஜீவிதா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பத்து.

சந்தோஷமாக இருக்கிறதா? இருக்கிறது. இன்பராஜ் வேனை நிறுத்தும்போது என் பக்கம் பார்ப்பதில்லை. அதுவும் இருக்கிறது.

ஜூன் 30, திங்கள்

எண்ணிக்கைப் படிவம் அனுப்பினேன். குழந்தைகள்: பத்து. அதற்குக் கீழே ஒரு கேள்வி: 'எண்ணிக்கையை உயர்த்த பணியாளர் மேற்கொண்ட முயற்சிகள்.' 'வீடு வீடாகச் சென்று பெற்றோரைச் சந்தித்து ஊக்கப்படுத்தினேன்' என்று எழுதினேன்.

ஜூலை 14, திங்கள்

கோகிலாம்பாள் மேடம் போன் செய்தார். இணைப்புப் பட்டியலில் எங்கள் மையம் இல்லை. "உன் முயற்சிய மீட்டிங்ல எல்லாருக்கும் சொன்னேன் தங்கச்செல்வி. கைதட்டுனாங்க." சந்தனம்மாள் அக்கா கேட்டதும் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். அப்புறம் எழுந்து, வாசலில் படுத்திருந்த கிடாவுக்கு முன்னால் ஒரு தட்டுச் சோறு வைத்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. இன்பராஜ் கிடாவைத் தட்டிய அன்றைக்கு வாசலில் என் பின்னாலேயே வந்து நின்றாரோ என்னவோ, நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஆடிப் பொங்கல். காலையில் வெட்டு. நான் போகவில்லை, தலைவலி என்று சொல்லிவிட்டேன். மத்தியானம் கோட்டைச்சாமி அண்ணனே தூக்குவாளியோடு வாசலுக்கு வந்தார். "டீச்சரு பங்கு. மொதப் பங்கே ஒங்களுக்குத்தான் எடுத்து வச்சேன். மறுக்காம வாங்கிக்கோங்க."

வாங்கிக்கொண்டேன். இவர் இரண்டு தடவை போட்டுக்கொண்டார். ஜீவிதா கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் தூக்கல்.

ஆகஸ்ட் 6, புதன்

இன்று அட்டைகளை எடுக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். பிள்ளைகள் விடவில்லை. ஆட்டைக் கடைசிவரைக்கும் தள்ளிப்போட்டேன். இருபத்து மூன்று அட்டையில் எவ்வளவு நேரம் தள்ளிப்போட முடியும்? சுகப்பிரியாவே எடுத்துவிட்டாள்.

ஜன்னல் திண்டைப் பார்த்தாள். அங்கே வைக்கவில்லை. பாயைச் சுற்றி நடந்து வந்து, ஒட்டகச்சிவிங்கி, முதலை, திமிங்கிலம் இருக்கிற என் வீட்டுக் குவியலில், சிங்கம் இருந்த இடத்தில் வைத்தாள்.

"அது அங்க எப்படி?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நேத்து டீச்சரு வீட்டுக்குத்தான வந்துச்சு. எங்கப்பா தூக்குவாளியில கொண்டாந்து குடுத்துச்சுல்ல."

"ஆமா, நான் ரெண்டு துண்டு சாப்பிட்டேன்," என்றாள் என் மகள்.

வருகை பத்து. மதிய உணவு பத்து. முட்டை பத்து. எல்லாம் எழுதி முடித்து, ஸ்டாக் ரிஜிஸ்டரைத் திறந்து, சிங்கத்துக்கு நேரே இருந்த 'தொலைந்தது' என்பதை அடித்துவிட்டு, கட்டத்துக்கு வெளியே 'ஆடு தின்றது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆட்டை யார் தின்றது என்று எழுத அதில் பக்கம் இல்லை.